மடையடியில் முளைத்த பயிர்

சாக்கோட்டை யூனியன்,
ஆடி 6.

அன்பு மகன் முத்துக்கண்ணனுக்கு அம்மா நாகவல்லி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். மேலே கிறுக்கியிருப்பது அதுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதை மட்டும் அடிக்கவில்லை, அதில் பொய் இல்லை. மலையில் மழை பிடித்திருக்கும். போன வருடம் போல நெஞ்சுச் சளியை வளரவிடாதே. மிளகு அனுப்பினேனே, அதைத் தட்டி ரசம் வைத்துக் குடி.

இந்தக் காலத்தில் யாரடா கடிதம் எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். ஒரு மாதமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா எங்கே என்று கேட்டாய். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், வீட்டைத் திறந்து துடைக்கிற வேலைக்குப் போயிருக்கிறார், போனைத் தொலைத்துவிட்டார் என்று சொல்லிவந்தேன். ஒரு மாதம் நடக்கிற கல்யாணம் எந்த ஊரில் உண்டு என்று நீயும் கேட்கவில்லை, நானும் வேறு பொய் தேடவில்லை. பக்கத்து வீட்டு சினேகாவின் போனில்தான் உன்னோடு பேசுகிறேன். அவள் மாமியார் கீரை ஆய்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அந்த இடத்தில் வைத்து இதை எப்படிச் சொல்வேன்? அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அப்பா ஜெயிலில் இருக்கிறார். ஆனி மாதம் பிறந்த முதல் வெள்ளிக்கிழமை பிடித்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, யார் பொருளையும் எடுக்கவில்லை. நீ அங்கே கம்பெனிக்காக லைசென்சோடு வளர்க்கிறாயே, அதே செடி நம் வயலின் மூலையில் வளர்ந்தது. நீ அதை ஹெம்ப் என்கிறாய். அப்பா நார்ப்பயிர் என்பார். போலீஸ் எழுதியிருப்பது கஞ்சா.

எப்படி முளைத்தது என்று கேட்பாய். சொல்கிறேன். தைப்பொங்கலுக்கு நீ லீவில் வந்திருந்தபோது ஒரு பாக்கெட் விதை கொண்டுவந்து கொடுத்தாய் அல்லவா. அந்த ஊரில் இதை வறுத்துத் துவையல் அரைப்பார்கள், கடையிலேயே விற்கிறது, சத்தானது, செய்து பார் அம்மா என்றாய். ஒருநாள் செய்தேன். அப்பா கொள்ளுத் துவையல் போல இருக்கிறது என்று இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மீதியை டப்பாவில் போட்டு வைத்தேன். மகன் கொண்டுவந்தது என்று எடுக்க மனம் வரவில்லை.

பங்குனியில் அம்மனுக்கு முளைப்பாரி போட்டோம். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் வெயில் படாமல் ஊரார் பாரி ஓடுகளையெல்லாம் வரிசையாக வைத்து, சாயங்காலம் கும்மி கொட்டி, உனக்குத் தெரியாததா. எல்லோரும் நவதானியம் போட்டார்கள். நான் என் ஓட்டில் அதோடு உன் விதையிலும் ஒரு கை போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. அம்மா, என் மகன் எந்தப் பயிரை நம்பி ஆயிரம் மைல் போயிருக்கிறானோ அது இந்த மண்ணுக்கும் வரட்டும், அரசாங்கம் இங்கேயும் உத்தரவு கொடுக்கட்டும், அவன் வீட்டோடு இருந்து விவசாயம் பார்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போட்டேன். இந்தத் தடவை என் பாரிதான் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது. பூசாரி கூட, நாகவல்லி பாரியப் பாருங்கத்தா என்று சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வழக்கம் போல ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கண்மாயில் மடைக்குப் பக்கத்தில் கரைத்தோம். தண்ணீர் முழங்கால் அளவுதான் கிடந்தது. மடைப் பலகையில் ஓட்டை இருக்கிறது, அதைச் சரிசெய்யச் சொல்லி அப்பா எத்தனை தரம் கேட்டார். அந்த ஓட்டை வழியாகக் கசிகிற தண்ணீர் நேராக நம் வயலின் மூலைக்குத்தான் வரும். தண்ணீரோடு முளையும் வந்து சேற்றில் பிடித்துக்கொண்டது. தட்டப்பயறும் மொச்சையும் ஆடு தின்று போயிற்று. உன் பயிர் மட்டும் நின்றது.

சித்திரை கடைசியில் அப்பா அதைப் பார்த்தார். நீ போனில் அனுப்பிய படங்களை ஆசையாசையாகப் பார்த்த மனிதருக்கு இலை தெரியாமல் இருக்குமா? வீட்டுக்கு ஓடிவந்து, நாகு, நம்ம பய பயிரு தானா வந்து நிக்குது, குருவி கிருவி போட்டிருக்கும் போல என்றார். நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. கண்மாய் பெருகாமல், நெல் போடாமல், வயலெல்லாம் கருவேலம் மண்டி, நீயும் போனபிறகு அவர் சிரித்ததையே நான் மறந்திருந்தேன். குருவியின் பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கேள். சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் வேலி போட்டார். வெயில் ஏறிய நாளில் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். நெல்லுக்கு ஊத்துற தண்ணியில கால்வாசி கூடக் கேக்கல, நம்ம மண்ணுக்குன்னே பொறந்த பயிரு என்று என்னிடம் வந்து சொல்வார். அவனிடம் சொல்லாதே, ஆளுயரம் வளர்ந்த பிறகு படம் எடுத்து அனுப்புவோம், பயல் அசந்துபோவான் என்றார். படமும் எடுத்தார். போனோடு அந்தப் படங்களும் இப்போது போலீசிடம்தான் இருக்கின்றன.

போன வருடம் அவர் மனு கொடுத்தது உனக்குத் தெரியும். நீ இருக்கிற மாநிலத்தில் போல எங்களுக்கும் நார்ப்பயிர் போட உத்தரவு வேண்டும் என்று நீ சொல்லச் சொல்ல எழுதியதுதான். துறைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. நேரில் போய்க் கேட்டதற்கு, நம் பூமியில் அதெல்லாம் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை அவர் விடவில்லை. முந்தின வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் கருகிய நெல்லைப் பிடுங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனார்கள், அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரிகள் வயலுக்கே வந்தார்கள். கூட்டத்துக்கு வெறுங்கையோடு போனால் யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? பன்றி தின்ற கடலைச் செடி, பூச்சி விழுந்த மிளகாய் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டுதானே எல்லோரும் போகிறார்கள்.

உன் அப்பாவும் போனார். ஒரு செடியை வேரோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சிவகங்கை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். கூட்டத்தில் அவர் முறை வந்ததும் சாக்கைப் பிரித்து மேஜை மேல் வைத்து, ஐயா, நம்ம பூமியில வராதுன்னு சொன்னீகளே, வந்துருச்சு, தண்ணியே கேக்கல, உத்தரவு மட்டும் குடுங்க என்று சொன்னாராம். கூடப் போன அழகுசுந்தரம் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தர் சிரித்தாராம். சிரிப்பு அடங்குவதற்குள் போலீஸ் உள்ளே வந்துவிட்டது. அப்பா அவர்களிடமும், வயல் இன்ன இடத்தில் இருக்கிறது, இன்னும் பத்துப் பன்னிரண்டு நிற்கிறது, பார்க்கிறீகளா என்று வழி சொல்லியிருக்கிறார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. கஞ்சா விற்கிறவன் எவனாவது அதைச் சாக்கில் சுற்றி அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைப்பானா? இதை நினைத்து ஒரு நிமிடம் சிரிப்பேன், அடுத்த நிமிடம் அடுப்படியில் உட்கார்ந்து அழுவேன். உன் அப்பா மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. கிடைத்தால் நாலு கேட்பேன். கிடைக்கத்தான் மாட்டேன் என்கிறார்.

அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு ஜீப் வந்தது. வயலில் இருந்ததையெல்லாம் பிடுங்கினார்கள். கொல்லையில் நான் போட்டிருந்த புளிச்சக்கீரையையும் சேர்த்துப் பிடுங்கிக் கட்டி வைத்தார்கள், இலை ஒரே மாதிரி இருக்கிறதாம். இது கீரை, கடைந்து சாப்பிடுகிறது என்று சொன்னேன். கூட வந்த பெண் போலீஸ் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ஆமா சார் கீரதான் என்றாள். அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேர் அறுந்த கீரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

காரைக்குடி வக்கீல் குமரப்பன்தான் கேஸைப் பார்க்கிறார். கண்டனூர்க்காரர். அவர்கள் வீட்டுத் தோட்டத்தை அப்பா கொஞ்சநாள் பார்த்துக்கொண்டார், அந்தப் பழக்கம். ஃபீஸ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நல்ல மனிதர். மத்திய சட்டத்திலேயே நாருக்கும் விதைக்கும் இந்தச் செடியை வளர்க்க மாநிலங்கள் அனுமதி கொடுக்கலாம் என்று ஒரு வழி இருக்கிறதாம். நீ இருக்கிற மாநிலம் அந்த வழியைத் திறந்துவிட்டது, நம் பக்கம் இன்னும் திறக்கவில்லை. செடியில் போதைச் சத்து ஆயிரத்தில் மூன்று பங்குக்குக் கீழே இருந்தால் அது நார்ப்பயிர் என்று நீ சொல்வாயே, அதை நான் அவரிடம் சொன்னேன். அளந்து பார்க்கச் சொல்லுங்கள் ஐயா என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, ஆத்தா, லைசென்ஸ் இருக்க ஊர்லதான் அளவு பாப்பாக, இங்குட்டு லைசென்ஸே இல்ல, அளந்து என்ன செய்ய என்றார். அங்கே உனக்குச் சம்பளம் கொடுக்கிற செடி இங்கே உன் அப்பாவுக்கு ஜெயில் கொடுக்கிறது. அப்பா கொடுத்த மனுவே அவருக்கு எதிராகப் போய்விட்டதாம். அனுமதி இல்லை என்று தெரிந்துதான் வளர்த்திருக்கிறார் என்கிறார்கள். கேட்காமல் இருந்திருந்தால் தெரியாது என்று சொல்லலாமாம்.

முதல் ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. விதை எங்கிருந்து வந்தது என்று அப்பா சொல்லாததுதான் காரணம். யார் கேட்டாலும் குருவி போட்டது என்கிறார். குருவிக்கு யார் ஜாமீன் கொடுப்பார்கள்? நான் வக்கீலிடம் உண்மையைச் சொன்னேன். நான்தான் முளைப்பாரியில் போட்டேன், கோர்ட்டில் சொல்கிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். நான் சொன்னால் என்னையும் கேஸில் சேர்ப்பார்களாம், பாரி போட்ட பெண்களையெல்லாம் கூப்பிட்டு விசாரிப்பார்களாம், அம்மன் கோயிலுக்குள்ளேயே ஜீப் வருமாம். அதோடு அடுத்த கேள்வி, எனக்கு விதையை யார் கொடுத்தது என்பதாக இருக்கும் என்றார். அந்த விதையைத் தின்பண்டமாக விற்பதும் வாங்குவதும் குற்றமில்லையாம். கடையில் வாங்கியவர் நேரில் நின்று, சாப்பிடத்தான் வாங்கினேன், விதைக்க இல்லை என்று சொல்லி, வாங்கிய விவரத்தையும் காட்டினால் அப்பாவுக்கு ஜாமீன் கிடைக்க நல்ல வழி இருக்கிறது என்றார். அதே நேரம் போலீஸ் நினைத்தால் அந்த ஆளையும் கேஸில் இழுக்கலாம் என்றும் சொன்னார். அந்த ஆள் யாருன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லாதீக என்று முடித்துக்கொண்டார்.

போன வாரம் ஜெயிலில் மனுப் போட்டு அப்பாவைப் பார்த்தேன். நடுவில் கம்பிவலை, இரண்டு பக்கமும் கூட்டம், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கத்திப் பேச வேண்டிய இடத்தில் எப்படி ரகசியம் சொல்வது? வாயைக் கம்பியில் வைத்து, நான்தாங்க பாரியில போட்டேன் என்றேன். அவர், தெரியும் என்றார். பாரி கரச்ச எடத்துக்குக் கீழ தான மொளச்சுச்சு, எனக்கு அம்புட்டு அறிவு இல்லையா, குருவி ஓட்டுல வச்சா போடும் என்றார். எல்லாம் தெரிந்துதான் இந்த மனிதர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், எல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

உனக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. நீ கம்பெனியை விட்டுத் தனியாக லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கிறாய், அதற்கு நம் ஸ்டேஷனிலிருந்து உன்மேல் குற்றம் குறை இல்லை என்று எழுதிப் போக வேண்டும் அல்லவா. இந்த நேரத்துல அவன் பேரு இங்குட்டு அடிபட்டா ஆயுசுக்கும் அவனுக்கு அந்தப் பயிரு இல்ல என்றார். எப்படியும் நான் உன்னிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு சத்தியம் வாங்கினார். அவனை வா என்று மட்டும் கூப்பிடக் கூடாது, அம்மன் மேல் ஆணை என்றார். அந்தச் சத்தம் பிடித்த இடத்தில் நின்று நான் செய்துகொடுத்துவிட்டேன். அம்மன் பேரைச் சொல்லி அம்மனுக்குப் போட்ட முளையால் வந்த வினையைத்தான் அனுபவிக்கிறோம், அவள் மேலேயே இன்னொரு பாரம்.

அப்பாவின் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலி போடும்போது கருவேல முள் வலது பாதத்தில் ஏறியிருந்தது. வேப்பெண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்று எனக்குக் காட்டாமலே விட்டுவிட்டார். சர்க்கரை உடம்பு, உனக்குத் தெரியும். உள்ளே போன பிறகு சீழ் வைத்து வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டுதான் கம்பிக்கு அருகில் நின்றார். அங்கே இருக்கிற டாக்டர் மாத்திரை கொடுக்கிறார், ஆனாலும் பெருவிரல் கறுத்துவிட்டது, ஆறாவிட்டால் எடுக்க வேண்டியிருக்கும், தள்ளிப்போனால் பாதத்துக்கும் ஏறும் என்கிறார்களாம். ஒரு வெரலு போனா என்ன, வரப்புல நடக்கறதுக்கு ஒம்பது போதும் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வரப்பே இல்லாத இடத்தில் இருந்துகொண்டு வரப்பில் நடப்பதைப் பற்றிப் பேசுகிறார்.

ஊரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கஞ்சா வீடு என்று பேர் வைத்தாயிற்று. நூறு நாள் வேலையில் எனக்குப் பக்கத்தில் யாரும் மண்வெட்டியோடு நிற்பதில்லை. அடுத்த வருடம் எங்கள் வீட்டு ஓட்டைப் பாரி வீட்டில் வைக்கக் கூடாது என்று இப்போதே பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அவர்கள் ஒவ்வொருத்தியையும் விசாரணைக்கு இழுக்காமல் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சினேகா மட்டும் பழையபடி இருக்கிறாள். அவள் மாமியார் கூட நேற்று ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிட்டாள், விஷயம் கேட்பதற்காகத்தான் என்றாலும் குழம்பு நன்றாக இருந்தது.

நீ எப்படித் தவிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் விதையால்தான் என்று நினைக்காதே. நீ திங்கக் கொடுத்தாய், நான் சாமிக்குப் போட்டேன், அப்பா பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார். இதில் யார் கெட்ட எண்ணத்தோடு எதைச் செய்தோம்? ஆனால் கேட்கிறவர்களுக்குச் செடிதான் தெரிகிறது, அது எப்படி வளர்ந்தது என்று தெரிவதில்லை. உனக்கு அந்த லைசென்ஸ் கிடைக்க வேண்டும் என்று நானும்தான் ஆசைப்படுகிறேன். மூன்று வருடம் குளிரில் கிடந்து கற்றுக்கொண்டாய். அதைக் கெடுக்கிற கை என்னுடையதாக இருக்கக் கூடாது என்று ஒரு நாள் நினைக்கிறேன். அடுத்த நாள் அந்தக் கறுத்த விரல் கண்ணில் நிற்கிறது. எனக்கு இரண்டு பேரும் வேண்டும் முத்து. ஒருவரைக் கொடுத்து ஒருவரை வாங்கு என்றால் நான் எங்கே போவேன்?

இரண்டாவது ஜாமீன் மனு, ஆடி கடைசி வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை மதுரைக் கோர்ட்டில் எடுக்கிறார்கள். காலையிலேயே கூப்பிட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே காரைக்குடியில் அவர் ஆபீசுக்குப் போய்விடுவேன், காலையில் அவர் காரிலேயே போகிறோம். காரில் பின் சீட்டில் நான் மட்டும்தான், இடம் நிறைய இருக்கிறது. நீ வாங்கிய பாக்கெட்டின் உறை அப்படியே இருக்கிறது. கடைப் பேரும் தேதியும் தெளிவாகத் தெரிகின்றன. அரிசிப் பானைக்குள் அடியில் வைத்திருக்கிறேன். போலீசிடமும் கொடுக்கவில்லை, வக்கீலிடமும் கொடுக்கவில்லை. என் கையால் எடுத்து யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் துணியோடு நிற்காதே. நீ எந்த முடிவு எடுத்தாலும் அம்மனும் நானும் உன் பக்கம்தான். நீ எழுதிப் போட்ட காரியம் கைகூட வேண்டும், உன் பயிர் இடுப்பளவு ஓங்க வேண்டும், உன் அப்பா இரண்டு காலில் நின்று அதைப் பார்க்க வேண்டும்.

கடிதத்தை இரண்டு தரம் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். உன்னைப் பார்த்து அந்த ஒரு சொல்லை நான் எங்கேயும் எழுதவில்லை. அப்பா கேட்டால் அம்மன் மேல் ஆணையாக அப்படியே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகவல்லி பெத்தன்.